மாமாவின் மூன்று துப்பாக்கிகள்

மாமாவுக்கு நாலு நம்பர் அடித்தது. ‘பிக்’கில் இருபது வெள்ளி போட்டிருந்தார். முதல் பரிசு. ஒரு வெள்ளிக்கு 2,500 என்ற கணக்கில் 50,000 வெள்ளி.

நாலு நம்பரின் கணக்கு எனக்கு மனப்பாடம். பத்தாயிரம் எண்களில் இருபத்து மூன்றுக்குப் பரிசு. முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்துக்கு 180, ஆறுதல் பரிசு பத்துக்கு 60. எல்லாவற்றையும் கூட்டிப் பத்தாயிரத்தால் வகுத்தால், போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்புவது 64 காசு. மாமாவிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷமாகப் போடுகிறவர், “ஒங்க கணக்கு சரிதான் தம்பி, ஆனா சாமிக்குக் கணக்கு தெரியாதே” என்பார். இந்த முறை சாமி அவர் பக்கம்.

ஐம்பதாயிரம் வந்த வீட்டில் ஆளுக்கொரு யோசனை இருக்கும். அத்தைக்கு ஒழுகும் கூரை. மாமா மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த பிடிபிடிஎன் கடன் பாக்கி. பக்கத்து வீட்டு அண்ணன் செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று பார்த்து வைத்திருந்தார். தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் பழத்தட்டோடு வந்து பசியாறிவிட்டுப் போனார்கள். எல்லாம் கேட்ட பிறகு மாமா என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார்.

“தம்பி, நா துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன். ஒன்னு இல்ல, மூணு. நீங்கதான் படிச்சவரு, பாரம் எழுதித் தரணும்.”

மாமா லாரி ஓட்டுநர். ஈப்போவில் ஒரு ஹார்டுவேர் கடைக்குச் சிமெண்டும் கம்பியும் ஏற்றிக்கொண்டு போகிறார். பிறந்தது தோட்டத்து லயத்தில். கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, பிறகு செம்பனையிலும் பாதியை அழித்துத் தாமான் கட்டினார்கள். அந்தத் தாமானிலேயே ஒரு மலிவு விலை வீட்டில் இப்போது இருக்கிறார். வேட்டைக்குப் போகிறவர் அல்ல. யாரோடும் சண்டை கிடையாது. அவருக்கு எதற்குத் துப்பாக்கி?

“சும்மா வெச்சிக்கிறதுக்கு. செவுத்துல மாட்டி வெச்சிப் பாக்கிறதுக்கு.”

சேகரிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் சொன்னது அதைத்தான். எந்த மூன்று என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. முதலாவது துரையின் துப்பாக்கி. இரண்டாவது எஸ்.சி. துப்பாக்கி. மூன்றாவது காட்டுக்காரன் துப்பாக்கி.

*

இந்தப் பட்டியல் தாத்தாவிடமிருந்து வந்தது. அவசரகாலம் தொடங்கிய 1948-இல் தாத்தாவுக்குப் பன்னிரண்டு வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தார்கள். அந்த வருஷம் ஜூன் 16 காலையில் எல்பில் தோட்டத்து மேலாளர் வாக்கரை அவருடைய அலுவலகத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் அல்லிசன், கிறிஸ்டியன் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். ஓரிரு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிய 1960 ஆயிற்று.

பன்னிரண்டு வருஷம். தாத்தா பையனாகத் தொடங்கி, பால்மரம் வெட்டி, கல்யாணம் கட்டும் வரை துப்பாக்கிகளுக்கு நடுவில்தான் வளர்ந்தார். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. விடிகாலைப் பெரட்டு முடிந்து வெளியே போகும்போது வாசலில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு. கடையில் டின் வாங்கினால் திறந்தோ ஓட்டை போட்டோ கொடுத்த காலம் அது. பதுக்கி வைக்க முடியாமல் அன்றைக்கே தின்றாக வேண்டும். கொள்ளுப்பாட்டி பால்வாளியைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போனாராம். இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் காட்டிலிருந்து வருகிறவர்கள் பால்மரங்களை வெட்டிப் பாழாக்குவார்கள், அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழிப்பார்கள். அட்டை இல்லாதவனைப் பிடிக்க மறுநாள் போலீஸ் வரும்.

எனக்கும் துப்பாக்கி தெரியும். பள்ளிக்கூடம் முடிந்து ஈப்போவில் சைபர் கஃபேயில் உட்கார்ந்து கவுண்டர் ஸ்டிரைக் விளையாடிய தலைமுறை. ஏகே-47 எத்தனை குண்டு, ஏடபிள்யூபி என்ன விலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒன்றையும் தொட்டதில்லை. மாமா கேட்டதும் ‘பைத்தியமா?’ என்று ஒரு மனது சொன்னது. இன்னொரு மனது எக்செல் திறந்து மூன்று பத்தி போட்டுவிட்டது. ஆசை அவருக்கு மட்டும் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

முதல் பத்தி, துரையின் துப்பாக்கி. மலாயில் ‘செனாப்பாங் பாத்தா’ என்பார்கள். பாத்தா என்றால் ஒடிவது. நடுவில் ஒடித்துத் தோட்டாவைப் போட்டு மூடுகிற வேட்டைத் துப்பாக்கி. இதற்குப் பன்னிரண்டு போர் என்று பெயர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் குழாயின் உள்விட்டம். ஈயத்தின் அடர்த்தியை வைத்துப் போட்டுப் பார்த்தேன், 18.5 மில்லிமீட்டர் வருகிறது. அளவுகோல் இல்லாத காலத்தில் எடையை வைத்து விட்டத்தைச் சொன்ன அந்தப் புத்தி எனக்குப் பிடித்தது. நாங்கள் வாழும் கிந்தாப் பள்ளத்தாக்கு முழுக்க ஈய லம்பங்கள் இருந்த ஊர். ஆனால் அது வெள்ளீயம், டின்னுக்குப் பூசுவது. குண்டுக்குப் போவது காரீயம். தமிழில் இரண்டுக்கும் ஈயம் என்ற ஒரே பேச்சுத்தான்.

இரண்டாவது, எஸ்.சி. துப்பாக்கி. எஸ்.சி. என்றால் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். தோட்டங்களையும் லம்பங்களையும் காக்க ஆயிரக்கணக்கில் அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்கள். பெரும்பாலும் மலாய்க்காரர்கள். அவர்கள் தோளில் தொங்கிய 303 லீ என்ஃபீல்டு, பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் போன துப்பாக்கி. பத்துக் குண்டு பிடிக்கும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். ஏறக்குறைய நாலு கிலோ.

மூன்றாவது, காட்டுக்காரன் துப்பாக்கி. மாமா சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது ஸ்டென். 1941-இல் பிரிட்டன் அவசரத்துக்கு உருவாக்கியது. தகட்டை வளைத்து, குழாயை ஒட்டி, எவ்வளவு மலிவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மலிவு. இடது பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் மேகசின். உற்பத்திப் பிரிவில் வேலை செய்கிற எவனும் அந்த வடிவமைப்பைப் பார்த்து ஒரு நிமிஷம் நிற்பான். இதில் வேடிக்கை, இது காட்டுக்குப் போனதே வெள்ளைக்காரன் கையால்தான். ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய கம்யூனிஸ்டுப் படைக்குப் போர்க்காலத்தில் ஃபோர்ஸ் 136 வழியாக விமானத்திலிருந்து ஆயுதங்களைப் போட்டார்கள். போர் முடிந்து படையைக் கலைத்தபோது எல்லாம் திரும்பி வரவில்லை. ஒரு பகுதி புதைக்கப்பட்டது. 1948-இல் தோண்டி எடுத்து, கொடுத்தவன் மேலேயே திருப்பினார்கள்.

மூன்று துப்பாக்கியும் ஒரே நாட்டின் பட்டறை மரபு. மூன்றும் எங்கள் லயத்தைச் சுற்றி நின்றன. ஒன்றுகூட எங்கள் கையில் இல்லை.

மாமா கேட்டதன் பொருள் எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவருக்கு வேட்டையும் வேண்டாம், பாதுகாப்பும் வேண்டாம். தன் அப்பாவைப் பயமுறுத்திய மூன்றையும் தன் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டும்.

*

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம் என்றேன்.

மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது. லைசன்ஸ் தருவது மாநிலத் தலைமைப் போலீஸ் அதிகாரியின் பொறுப்பு. எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்ல வேண்டும். பயிரைக் காட்டுப்பன்றி அழிக்கிறது என்றால் அது காரணம். ‘எங்கப்பா பயந்தாரு’ என்பது காரணம் ஆகாது. லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் 1971-இன் கூடுதல் தண்டனைச் சட்டம் வரும். பதினான்கு வருஷம் வரை சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாமல். குற்றம் செய்யும்போது சுட்டால் மரண தண்டனை; 2023-இல்தான் அது கட்டாயம் என்பதிலிருந்து நீதிபதியின் தீர்மானத்துக்கு மாறியது. ஸ்டென் போன்ற தானியங்கித் துப்பாக்கியைத் தனி ஆள் சுவரில் மாட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

“சரி, பொம்மைத் துப்பாக்கி? நெசம் மாதிரியே செய்றானுங்களாமே?”

அதுவும் முடியாது. அசலைப் போல இருக்கும் போலித் துப்பாக்கியும் அதே ஆயுதச் சட்டத்துக்குள்தான் வருகிறது. பக்கத்து நாடுகளில் விளையாட்டாக வைத்திருக்கும் ஏர்சாஃப்ட் இங்கே சட்டவிரோதம். அமெரிக்காவில் ஒருவருக்கு இப்படி ஒரு தொகை கிடைத்து, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று யோசித்தால் பிராண்டும் விலையும்தான் அவர் பிரச்சினை. இங்கே ‘வாங்கலாமா’ என்பதிலேயே கேள்வி முடிந்துவிடுகிறது. இதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. மலேசியத் தெருவில் நடக்கும்போது எதிரே வருகிறவனிடம் துப்பாக்கி இருக்குமோ என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த நிம்மதியின் விலை மாமாவின் சுவர் காலியாக இருப்பது என்றால், கொடுக்கலாம்.

ஆனால் நிம்மதி எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. இந்திய இளைஞன், துப்பாக்கி என்ற இரண்டும் நாளிதழில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், நம் வீட்டுப் பெரியவர்கள் வாசித்து முடிப்பதற்குள் ‘எந்த கேங்கு?’ என்றுதான் கேட்கிறார்கள். துப்பாக்கி சேகரிக்கிற தமிழன் என்று ஒரு படத்தை நம் மனமே வரைய மறுக்கிறது. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. மாமாவின் பட்டியலில் அது இல்லை.

*

நாலாவது துப்பாக்கி கணபதியினுடையது.

எஸ்.ஏ. கணபதி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். இந்தியத் தேசிய ராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயா தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவரானார். சீனத் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக இருந்த ஓர் அமைப்புக்கு ஒரு தமிழர் தலைவர் என்பது இன்றைக்கும் நினைத்துப் பார்க்கக் கடினமான விஷயம். அவசரகாலத்தை ஒட்டி அந்தக் கூட்டமைப்பு முடக்கப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் அவர் பிடிபட்டபோது ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாக வழக்கு. அவசரகாலச் சட்டத்தில் அதற்குத் தண்டனை தூக்கு. யாரையும் சுட்டதாக நிரூபிக்கத் தேவையில்லை, வைத்திருந்தாலே போதும். இந்திய அரசு கருணை கேட்டது. கிடைக்கவில்லை. 1949 மே 4, புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய தோழர் வீரசேனன் அதற்கு முந்தைய நாள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அதே சட்டத்தில் சிக்கிய இன்னொரு தமிழர் சாம்பசிவம். ஜொகூரில் பிடிபட்டார். துப்பாக்கி ஒன்று, தோட்டா ஒன்று என இரண்டு குற்றச்சாட்டு. தோட்டா வழக்கில் விடுதலை, துப்பாக்கிக்கு மட்டும் மறு விசாரணை, அதில் தூக்கு. மேல்முறையீடு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போனது. ஒரு குற்றச்சாட்டில் நிரபராதி என்று தீர்ந்த விஷயத்தை அடுத்த விசாரணையில் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று 1950-இல் தண்டனையை ரத்து செய்தார்கள். காமன்வெல்த் நாடுகளின் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். சட்டம் ஒன்று, ஆயுதமும் கிட்டத்தட்ட ஒன்று. ஒருவர் பிழைத்தார், ஒருவர் தூக்கில் போனார்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். ட்யூபைக் கீழே போட்டுவிட்டு, “அப்ப நம்மாளு கையிலயும் இருந்துச்சு” என்றார்.

“இருந்துச்சு மாமா. அதனாலதான் தூக்குல போட்டாங்க.”

“இருந்துச்சில்ல?”

அவருக்கு அந்த இருந்தது முக்கியம். எனக்கு அந்தத் தூக்கு முக்கியம். நாங்கள் இருவரும் ஒரே கதையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அவருக்காக இன்னும் கொஞ்சம் பின்னால் போனேன். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபோது தோட்டத்துச் சனம் கூட்டம் கூட்டமாக இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்தது. ஜான்சி ராணி படை என்று பெண்களுக்குத் தனிப்படை, கேப்டன் லட்சுமி தலைமையில். பால்வாளி தூக்கிய கைகள் துப்பாக்கி பிடித்துப் பயிற்சி எடுத்தன. ஈப்போவிலிருந்து ராசம்மா, பொன்னம்மா என்ற அக்கா தங்கை அதில் சேர்ந்தார்கள். ராசம்மா பூபாலன் பிற்காலத்தில் ஆசிரியராக, பெண்ணுரிமைப் போராளியாக நாடறிந்தவர். அந்தப் படையின் ஆயுதங்களில் பிரிட்டிஷ் ராணுவம் விட்டுவிட்டுப் போனவை நிறைய. அதாவது அதே 303.

மாமாவின் பட்டியலில் இரண்டாவதாக, எஸ்.சி. துப்பாக்கி என்று இருந்ததும், ஈப்போப் பெண்கள் பயிற்சி எடுத்ததும் ஒரே குடும்பம். 1943-இல் நம் பிள்ளைகள் கையில், 1948-இல் நம்மைச் சோதனை போட்டவன் தோளில். துப்பாக்கிக்கு ஆள் அடையாளம் தெரியாது.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பத்து காஜாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஈப்போவிலிருந்து அரை மணி நேரம். ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு ஒட்டிய கல்லறைத் தோட்டத்தைக் ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ என்பார்கள். அவசரகாலத்தில் செத்த தோட்டத் துரைகள், லம்பத்துக்காரர்கள், போலீஸ், சிப்பாய்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் முதல் நாள் கொல்லப்பட்ட மூவரும் அங்கேதான். ஒவ்வொரு ஜூனிலும் நினைவஞ்சலி நடக்கிறது.

பச்சைப் புல், வரிசையாக வெள்ளைக் கல். பல கல்லில் இருபது, இருபத்தொன்று என்று வயது. நான் கவுண்டர் ஸ்டிரைக்கை விட்ட வயது. மாமா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். துரைமேல் அவருக்கு இருந்த கோபம் அங்கே வேலை செய்யும் என்று நினைத்தேன். செய்யவில்லை.

“சின்னப் பசங்க தம்பி” என்றார்.

வெளியே வந்து கடையில் தே தாரிக் குடிக்கும்போதுதான் அடுத்ததைச் சொன்னார். “இவங்களுக்குக் கல்லு இருக்கு, பேரு இருக்கு. மரம் வெட்டப் போயி நடுவுல மாட்டிச் செத்தவன் பேரு எங்க இருக்கு? தாத்தாவோட கூட்டாளி ஒருத்தன் இருந்தான். யாரு சுட்டதுன்னே தெரியாது. பேரக்கூட தாத்தா மறந்துட்டாரு.”

அதற்குப் பதில் என்னிடம் இல்லை. துப்பாக்கிகளின் நீளமும் எடையும் குண்டின் விட்டமும் என் எக்செல்லில் தசமப் புள்ளியோடு இருந்தன. அந்த மனிதனின் பெயர் எங்கும் இல்லை.

*

முடிவை மாற்றியது வரலாறு அல்ல, அத்தை. ஒருநாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டார்: “சரி, லைசன்ஸு கெடைக்குதுன்னே வெச்சிக்குவோம். வேட்டத் துப்பாக்கி ஒன்னாச்சும் கெடைக்குது. ஒங்களுக்கு அப்புறம் அது யாருக்கு?”

மாமா என்னைப் பார்த்தார். நான் சட்டத்தைச் சொன்னேன். லைசன்ஸ் ஆளின் பெயருக்கு. ஆள் போனால் லைசன்ஸும் போச்சு. லைசன்ஸ் இல்லாத வீட்டில் துப்பாக்கி இருக்க முடியாது, ஒப்படைக்க வேண்டும். பேரன் வேண்டுமென்றால் அவன் வளர்ந்து, தனக்கென்று ஒரு காரணம் சொல்லி, தானே விண்ணப்பிக்க வேண்டும்.

“அப்ப அது நம்ம சொத்து இல்ல” என்றார் அத்தை. “வாடகைக்கு வெச்சிருக்கிற மாதிரிதான். லயத்து வூடு மாதிரி.”

மாமா அன்றைக்குப் பேசவே இல்லை. லயத்து வீடு என்ற சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அத்தைக்குத் தெரியும். மூன்று தலைமுறை இருந்த வீடு. வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் சாமானைக் கட்ட வேண்டும். தோட்டம் கைமாறியபோது எங்கள் குடும்பம் அங்கிருந்து எடுத்து வந்தது இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு அம்மிக்கல். பிள்ளைகளுக்கு விட்டுப்போகிற மாதிரி ஒன்று வேண்டும் என்பதுதான் அந்தத் தலைமுறையின் ஏக்கம். மாமாவின் சேகரிப்பும் அந்த ஏக்கத்தின் இன்னொரு முகம். ஆனால் உலகத்திலேயே விட்டுப்போக முடியாத ஒரு பொருளாகப் பார்த்து அவர் ஆசைப்பட்டிருந்தார்.

இங்கேதான் சுங்கை சிப்புட் மறுபடியும் வருகிறது. அந்த ஊரில் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். 1919-இல், அதுவும் ஜூன் 16 அன்று. வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்க, தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகப் பத்து மாதத்தில் கட்டலாம். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். வெட்டுக்காரர்களின் பத்துப் பத்து வெள்ளியைச் சேர்த்து முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம். பால்மரம் வெட்டியவர்களே தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள்.

சம்பந்தனின் அரசியலைப் பற்றி நம் தலைமுறைக்கு நிறையக் கேள்விகள் உண்டு. எனக்கும் உண்டு. கணபதியையும் சம்பந்தனையும் ஒரே மூச்சில் சொல்வது இரு தரப்பாருக்கும் பிடிக்காது. ஆனால் ஒரு பொறியாளனாக இரண்டு வடிவமைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, கையில் இருந்ததற்காகவே ஆளைக் கொன்ற பொருள். இன்னொன்று, பத்து வெள்ளி ரசீது. பாட்டியின் பங்குப் பத்திரம் இன்றும் அம்மாவின் அலமாரியில், பிறப்புப் பத்திரங்களோடு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. அது பாட்டிக்குப் பின்னும் இருந்தது. எந்த வடிவமைப்பு நீடித்தது என்று கேட்டால் எனக்குச் சந்தேகம் இல்லை. எது கவிதையில் வரும் என்று கேட்டால் அதிலும் சந்தேகம் இல்லை. நாம் கவிதை எழுதுகிறவர்கள் என்பதால் இந்த இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுக்கொள்கிறோம்.

*

மாமாவின் கணக்கு கடைசியில் இப்படி முடிந்தது. மகளின் படிப்புக் கடனுக்கு 18,000. கூரைக்கு 8,000. பேரன் பெயரில் வங்கியில் 14,000. மிச்சம் 10,000 தோட்டத்துக் கோயிலுக்கு.

கோயில் என்றால் செம்பனைக்கும் தாமானுக்கும் நடுவில் ஓர் ஆலமரம், அதனடியில் முனியாண்டி. இரண்டு பக்கமும் சிமெண்டில் காவல்காரர்கள். ஒருவர் கையில் அரிவாள். இன்னொருவர் கையில் துப்பாக்கி இருந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி. காவல் தெய்வத்தின் பக்கத்தில் சிப்பாயை நிறுத்துவது நம் வழக்கம்தான். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் கோபுரத்தில் காக்கிச் சட்டை போட்ட சிப்பாய்களைப் பார்க்கலாம். நம் சனம் தன்னைப் பயமுறுத்தியவனைச் சாமிக்கு வாட்ச்மேன் ஆக்கிவிட்டது.

மாமா சிலையைச் சரி செய்ய ஆள் பிடித்தார். துப்பாக்கிக்கு என்னிடம் டிராயிங் கேட்டார். மூன்றில் எது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “அந்த ஈப்போப் பொண்ணுங்க வெச்சிருந்தது.” வேலை முடிந்து ஓர் இரவு உட்கார்ந்து கேடில் வரைந்து கொடுத்தேன். மொத்த நீளம் 1,130 மில்லிமீட்டர். கூடவே ஒரு குறிப்பும் எழுதினேன்: குழாய் முனை தரையைப் பார்த்து, விரல் குதிரையில் படாமல். சிமெண்டுத் துப்பாக்கியும் போலி ஆயுதக் கணக்கில் வருமா என்று மாமா மகள் கேட்டாள். சாமிக்கு லைசன்ஸ் எடுக்க எந்தப் பாரம் என்று நான் கேட்டேன். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தை சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. பத்தாயிரத்தையும் சிலைக்கும் கூரைக் கொட்டகைக்கும் போடுவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. அந்தக் கோயில் நிற்கும் நிலம் கோயிலின் பெயரில் இல்லை. தோட்டம் இருந்த காலத்தில் துரை வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம். அதற்குப் பிறகு நிலம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. இந்த நாட்டில் தோட்டத்துக் கோயில்களுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “யாரோ ஒருத்தன் நெலத்துல நிக்கிற காவக்காரனுக்குப் புதுத் துப்பாக்கி எதுக்கு மாமா?” என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

“காவக்காரன் கம்பிய வெச்சிக்கிட்டு நின்னா எவன் மதிப்பான்?” என்றார்.

இந்த வாதத்தில் யார் சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மதிப்பு முதலில் வருமா, பத்திரம் முதலில் வருமா? கணபதி காலத்திலிருந்து சம்பந்தன் காலம் வரை நம் ஆட்கள் மாறி மாறி இரண்டையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். மாமா வழக்கம்போல நடுவில் ஒரு கோடு போட்டார். ஆறாயிரம் சிலைக்கு. நாலாயிரம் நில அளவைக்கும் வக்கீலுக்கும்.

துப்பாக்கிக்குப் பாரம் எழுத என்னைக் கூப்பிட்டவர். போன மாதம் நான் எழுதி முடித்தது கோயில் நிலத்துக்கான விண்ணப்பம். இணைப்பில் வரைபடம், கமிட்டியின் கையெழுத்துகள், கோயில் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறது என்பதற்குப் பழைய திருவிழாப் படங்கள். ஒரு படத்தில் தாத்தா நிற்கிறார், இளவயது, தலையில் துண்டு. அவருக்குப் பின்னால் அந்தக் காவல்காரர். துப்பாக்கி அப்போது உடையவில்லை.

விண்ணப்பத்தில் கோயிலின் அசையும் சொத்துகளைக் குறிக்க ஓர் இடம் இருந்தது. உண்டியல், மணி, இரண்டு குத்துவிளக்கு என்று எழுதினேன். மாமா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “அதையும் போடுங்க” என்றார். அது அசையாது மாமா, சிமெண்டு என்றேன்.

“அப்ப அசையாததுல போடுங்க.”

போட்டேன்.